மூச்சு நம்முடையது, அளவுகோல் யாருடையது?

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குத் தயாராகும் தம்பிகள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்று மட்டும் மாறுவதே இல்லை. "அண்ணே, நம்ம ஆளுங்களுக்கு ஸ்டாமினா பிறவியிலேயே உண்டுன்னு கிரவுண்டுல சொல்றாங்க. அப்புறம் ஏன் எனக்கு மூணாவது ரவுண்டுலயே மூச்சு முட்டுது?" கேட்பவர் பெரும்பாலும் உப்பளத்து வேலைக்குப் போகும் வீட்டின் பிள்ளையாக இருப்பார். விடியற்காலையில் தூத்துக்குடி புறவழிச் சாலையிலோ, கடற்கரைச் சாலையிலோ, ஊர் எல்லையில் இருக்கும் பொட்டலிலோ தனியாக ஓடிப் பழகுபவராக இருப்பார்.

அந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று உடம்பைப் பற்றியது: ஓடுகிறவனின் மூச்சுத் திறன் என்றால் என்ன, அதை எப்படி அளப்பது? மற்றொன்று அரசியல் பற்றியது: நம் உடம்பை இதுவரை யார் அளந்தார்கள், எதற்காக அளந்தார்கள், அளந்து கிடைத்த எண்ணை வைத்து என்ன செய்தார்கள்? இரண்டையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். முதலாவதை மட்டும் பேசினால் அது ஜிம் விளம்பரம் ஆகிவிடும். இரண்டாவதை மட்டும் பேசினால் தம்பியின் மூன்றாவது ரவுண்டு அப்படியே நிற்கும்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பிள்ளைகள் தங்கள் ஓட்டத் திறனைத் தாங்களே அளக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அந்த எண் அவர்கள் நோட்டில், அவர்கள் கையில் இருக்க வேண்டும். ஆய்வகத்தில் அளக்கும் வசதி மாவட்டத்துக்கு வர வேண்டும் என்று அரசிடம் கேட்கவும் வேண்டும். அளவுகோலைக் கண்டு ஒதுங்குவதும் ஆபத்து, அதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதும் ஆபத்து.

இந்தக் கரைக்கு அளவுகோல் வந்த கதை

சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். 1889-இல் தூத்துக்குடியில் நடந்த முத்துக்குளிப்பைப் பற்றியும், மன்னார் வளைகுடாவின் முத்து, சங்கு வளத்தைப் பற்றியும் 1890-இல் நூல் எழுதியவர். சிப்பிகளை எண்ணிய அதே மனிதர் சில ஆண்டுகளில் மனிதர்களை அளக்கத் தொடங்கினார். மூக்கின் நீளம், அகலம், தலையின் சுற்றளவு, தோலின் நிறம் என்று சாதி வாரியாகக் கணக்கெடுத்தார். அவர் ரங்காச்சாரியுடன் சேர்ந்து 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், குடிகள் பற்றிய ஏழு தொகுதிகளை இன்றும் ஆராய்ச்சியாளர்கள் புரட்டுகிறார்கள். வயநாட்டுப் பணியர் பெண்கள் தன்னைக் கண்டதும் ஓடிவிட்டார்கள் என்றும், தங்களில் சிறந்தவர்களைப் பாடம்செய்து அருங்காட்சியகத்தில் வைக்கப் போகிறேன் என்று பயந்துதான் ஓடினார்கள் என்றும் அவரே எழுதிவைத்திருக்கிறார். அந்தப் பெண்களின் பயத்தை அறியாமை என்று சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு அது அறிவாகத்தான் தெரிகிறது. அளக்க வருகிறவன் யாருக்காக வருகிறான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அதே காலத்தில் ஹெர்பர்ட் ரிஸ்லி மூக்கின் அளவை வைத்தே சாதியின் உயர்வு தாழ்வைச் சொல்லிவிடலாம் என்றார். அவர்தான் 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர். இதற்கு அண்ணல் அம்பேத்கர் தந்த பதில் நமக்குப் பாடம். 1948-இல் வெளிவந்த தீண்டப்படாதவர்கள் பற்றிய நூலில், அவர் அளவையே வேண்டாம் என்று தள்ளவில்லை. அளந்து வைத்திருந்த அந்த மூக்குக் கணக்குகளையே எடுத்து அடுக்கினார். பார்ப்பனரும் தீண்டப்படாதவர் ஆக்கப்பட்டோரும் வேறு வேறு இனம் என்ற கதை அந்த எண்களாலேயே நிற்காது என்று காட்டினார். அவர்கள் எடுத்த அளவு, அவர்களுக்கு எதிராகவே சாட்சி சொன்னது. எண்ணைப் படிக்கத் தெரிந்தவர் நம் பக்கம் ஒருவர் இருந்ததால் நடந்த காரியம் அது.

மூச்சை அளந்த கருவிக்கும் இப்படி ஒரு வரலாறு உண்டு. நுரையீரலின் கொள்ளளவை அளக்கும் ஸ்பைரோமீட்டரை 1840-களில் லண்டனில் ஜான் ஹட்சின்சன் உருவாக்கினார். சில ஆண்டுகளிலேயே அமெரிக்காவில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், கறுப்பின அடிமைகளின் நுரையீரல் வெள்ளையரைவிடக் குறைவானது, வேலை வாங்குவதே அவர்களுக்கு நல்லது என்று எழுதினார். அந்த எண்ணம் 'இனத் திருத்தம்' என்ற பெயரில் கருவிக்குள்ளேயே ஏறி உட்கார்ந்துகொண்டது. கறுப்பினத்தவர் ஊதினால் குறைவாக வருவதுதான் இயல்பு என்று கருவியே கணக்குப் போட்டது. 1999-இல் கல்நார் தூசியால் பாதிக்கப்பட்ட தொழிலாளர்களின் இழப்பீட்டு வழக்கில், கறுப்பினத் தொழிலாளர்களின் மூச்சு கூடுதலாகக் குறைந்திருந்தால்தான் வழக்கை ஏற்க வேண்டும் என்று ஒரு நிறுவனம் அமெரிக்காவில் வாதாடியது. அமெரிக்க மார்புநோய் மருத்துவச் சங்கம் இந்த இனக் கணக்கைக் கைவிடச் சொன்னது 2023-இல்தான். கருவிக்குச் சாதி தெரியாது என்று இனி யாராவது சொன்னால், கருவிக்குள் கணக்கு எழுதியவருக்குத் தெரியும் என்று பதில் சொல்லுங்கள்.

தம் கட்டுவது வேறு, ஓட்டத் திறன் வேறு

முத்துக்குளித்துறையில் மூழ்கியவர்கள் பரதவர்களும், கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம்களும். கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்கி, ஒரு நிமிடம் போல மூச்சை அடக்கி, கைக்கு அகப்பட்ட சிப்பியை அள்ளிக்கொண்டு கயிற்றை இழுத்துக் குறிப்புக் காட்டி மேலே வருவார்கள். 1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. சங்குகுளி மட்டும் தொடர்ந்தது. அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த ஊர் என்பதால், இங்கே ஸ்டாமினா என்றாலே தம் கட்டுவது என்று நினைக்கும் பழக்கம் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டிக்குள் முகத்தை வைத்து நொடி எண்ணும் தம்பிகளை இன்றும் பார்க்கலாம்.

காவலர் தேர்விலும் இந்தக் குழப்பத்தின் சாயல் இருக்கிறது. ஆண்களுக்கு மார்பளவு சாதாரணமாக 81 செ.மீ. இருக்க வேண்டும், மூச்சை இழுத்தால் குறைந்தது 5 செ.மீ. விரிய வேண்டும். நெஞ்சுக்கூடு எவ்வளவு விரிகிறது என்பதை அது சொல்லும். அந்தக் காற்றை உடம்பு என்ன செய்கிறது என்பதை அது சொல்லாது.

ஓட்டத்தில் உண்மையில் எண்ண வேண்டியது, உடம்பு ஒரு நிமிடத்தில் எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துச் செலவிட முடிகிறது என்பதைத்தான். நுரையீரல் காற்றை வாங்குகிறது. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமக்கிறது. இதயம் அந்த ரத்தத்தைத் தள்ளுகிறது. கால் தசை அதை எரித்து ஓட்டமாக்குகிறது. இந்தச் சங்கிலி முழுவதும் உச்ச வேகத்தில் இயங்கும்போது செலவாகும் ஆக்சிஜனின் அளவுக்குப் பெயர் வி.ஓ.டூ. மேக்ஸ். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, ஒரு நிமிடத்துக்கு இத்தனை மில்லிலிட்டர் என்று சொல்வார்கள். உடற்பயிற்சி இல்லாத இளைஞருக்கு 40-ஐ ஒட்டி இருக்கும். உலகத் தரத்து நெடுந்தூர ஓட்டக்காரருக்கு 70-ஐத் தாண்டும்.

இந்தக் கருத்தை 1920-களில் நிறுவியவர் ஏ.வி. ஹில் என்ற ஆங்கிலேயர். நோபல் பரிசு பெற்றவர். மூச்சுக் காற்றைப் பிடிக்கும் பையை முதுகில் கட்டிக்கொண்டு தன் வீட்டுத் தோட்டத்தில் தானே சுற்றிச் சுற்றி ஓடி அளந்தார். ஆய்வகத்தின் மிகப் பெரிய எண் புல்தரையில்தான் பிறந்தது என்பதை மறக்க வேண்டாம்.

இன்று ஆய்வகத்தில் ட்ரெட்மில் மேல் ஓடவிடுவார்கள். முகத்தில் இறுக்கமான முகமூடி. மார்பில் இதயத் துடிப்பைக் காட்டும் பட்டை. நிமிடத்துக்கு நிமிடம் வேகமோ சரிவோ ஏறும். உள்ளே போகும் காற்றிலும் வெளியே வரும் காற்றிலும் ஆக்சிஜனும் கரியமில வாயுவும் எவ்வளவு என்று கருவி கணக்கிடும். வேகத்தைக் கூட்டியும் ஆக்சிஜன் செலவு கூடாமல் நிற்கும் இடமே உச்சம். சில ஆய்வகங்களில் விரல் நுனியில் குத்தி ரத்தத்தில் லாக்டேட் அளவும் பார்ப்பார்கள். எந்த வேகத்துக்கு மேல் போனால் உடம்பு சீக்கிரம் துவளும் என்று அதில் தெரியும். துல்லியமான முறைதான். ஆனால் அதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டும், பழகிய ஆள் வேண்டும், மருத்துவர் அருகில் வேண்டும். அதனால் அது பெருநகரங்களில், தேசிய முகாம்களில், பணம் கட்டக்கூடியவர்களின் பக்கத்தில் இருக்கிறது. உப்பளத்துப் பிள்ளை அந்த முகமூடியை யூடியூபில்தான் பார்த்திருக்கிறார்.

ஏழு நிமிடத்தின் கணக்கு

தமிழ்நாட்டுக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும். உயரத்தில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 3 செ.மீ. தளர்வு உண்டு. ஓட்டத்தில் ஒரு நொடிகூடத் தளர்வு கிடையாது. 'கோட்டாவில் வந்தவன்' என்று காக்கி உடை போட்ட பிறகும் ஏளனம் செய்கிறவர்களுக்கு இதை நினைவூட்டுங்கள். ஸ்டாப்வாட்ச் எல்லோருக்கும் ஒன்றாகத்தான் ஓடியது.

7 நிமிடம் என்றால் 400 மீட்டர் ரவுண்டு ஒன்றுக்கு 112 நொடி. மணிக்கு ஏறத்தாழ 12.9 கி.மீ. வேகம். சமதரையில் ஓடுவதற்கான வழக்கமான சூத்திரத்தில் போட்டால், அந்த வேகத்துக்கு ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 46 மில்லிலிட்டர் ஆக்சிஜன் தேவைப்படும். அதில் ஒரு சிறு பங்கை உடம்பு ஆக்சிஜன் இல்லாமலேயே கடன் வாங்கிச் சமாளிக்கும். ஆகவே 42, 43 உள்ளவர் நாக்குத் தள்ளி முடிப்பார். 50 உள்ளவர் பேசிக்கொண்டே இல்லாவிட்டாலும் பதறாமல் முடிப்பார். 36 உள்ளவர் எவ்வளவு மனவுறுதி இருந்தாலும் மூன்றாவது ரவுண்டில் கடன் தீர்ந்து நின்றுவிடுவார்.

தம்பியின் கேள்விக்கு இதுதான் முதல் பதில். மூன்றாவது ரவுண்டில் நின்றது அவருடைய மனம் இல்லை, கணக்கு. முதல் ரவுண்டை 90 நொடியில் ஓடி, கடனை அங்கேயே செலவழித்திருப்பார். திறன் 36-இல் இருப்பவர் 45-க்கு வர மாதக் கணக்கில் பயிற்சி வேண்டும். அறிவிப்பு வந்த பிறகு ஆறு வாரத்தில் அது ஏறாது. இந்தக் கணக்கைத் தெரிந்தவர் ஆறு மாதம் முன்னால் தொடங்குகிறார். தெரியாதவர் தன்னையே நொந்துகொள்கிறார்.

பெண்களுக்கு 400 மீட்டரை இரண்டரை நிமிடத்தில் ஓடினால் போதும் என்கிறார்கள். சலுகை போலத் தெரியும். இவ்வளவு குறுகிய ஓட்டம் நீடித்த மூச்சுத் திறனைச் சரியாக அளப்பதே இல்லை. தங்கைகளே, தேர்வு கேட்காததை நீங்கள் உங்களுக்காக அளந்து வைத்துக்கொள்ளுங்கள். பணியில் சேர்ந்த பிறகு பயிற்சிப் பள்ளி அதைக் கேட்கும்.

'பிறவி ஸ்டாமினா' என்னும் பொய்

இனி அந்த மற்றொரு சொல்லுக்கு வருவோம். உழைக்கும் சாதிக்குப் பிறவியிலேயே தெம்பு உண்டு என்பது பாராட்டுப் போல ஒலிக்கும் சாதியச் சொல். பிறப்பிலேயே வலு என்றால் பயிற்சி தர வேண்டியதில்லை, சோறு போட வேண்டியதில்லை, கூலியைக் கூட்ட வேண்டியதில்லை. தோற்றால் சோம்பேறி என்று சொல்லிவிடலாம். வென்றால் உழைப்பைப் பேசாமல் ரத்தத்தைப் பேசலாம். கார்ட்ரைட் சொன்னதற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

கென்ய ஓட்டக்காரர்களைப் பற்றியும் உலகம் இப்படித்தான் பேசியது. பெங்ட் சால்டின் என்ற சுவீடன் நாட்டு உடலியலாளர் 1990-களில் தன் குழுவுடன் அங்கே போய் அளந்தார். ஒரே நாட்டு, ஒரே வயதுப் பையன்களிலேயே, தினமும் நடந்தும் ஓடியும் பள்ளிக்குப் போன பையன்களின் ஆக்சிஜன் திறன், அப்படி ஓடாத பையன்களைவிடக் கணிசமாக அதிகமாக இருந்தது. அங்கத்திய சிறந்த ஓட்டக்காரர்களின் உச்ச அளவு ஸ்காண்டிநேவிய ஓட்டக்காரர்களைவிடப் பெரிதாக உயர்ந்து இருக்கவும் இல்லை. ஒரே வேகத்துக்குக் குறைந்த ஆக்சிஜனைச் செலவிடும் சிக்கனம்தான் அவர்களிடம் கூடுதலாக இருந்தது. சிக்கனம் பல ஆண்டு ஓட்டத்தில் படிவது. அளந்து பார்த்தபோது பிறவிக் கதை சுருங்கிப்போனது.

உப்பளத்து உழைப்பு மட்டும் ஓட்டக்காரரை உருவாக்கிவிடாது. பாத்தியில் உப்பை உடைத்து வாருவதும், கூடையைத் தலையில் சுமந்து மேட்டில் கொட்டுவதும் முதுகையும் முழங்காலையும் தேய்க்கும் வேலை. ஓட்டப் பயிற்சி போல இதயத்தை உச்சத்துக்கு ஏற்றி, பிறகு ஓய்வு தந்து வளர்க்கும் வேலை அது கிடையாது. கீழே உப்பின் வெள்ளை, மேலே வெயில், நடுவில் நிழலில்லாத மனிதர். தமிழ்நாட்டு உப்பளங்களில் வெப்பத்தையும் தொழிலாளர்களின் சிறுநீரகச் செயல்பாட்டையும் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் அளந்து, இந்த வெப்பச் சுமை சிறுநீரகம் வரை போகிறது என்று பதிவு செய்திருக்கிறார்கள். உப்பளத் தொழிலாளர்களில் கணிசமானோர் நம் மக்கள். அவர்கள் உடம்பில் இருப்பது பிறவி வலு என்று சொல்கிறவர், அவர்கள் உடம்பிலிருந்து தினமும் எடுக்கப்படுவதை மறைக்கிறார்.

அடுத்தது ரத்தம். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இந்திய அளவில் பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்களிடம் அது சராசரியைவிட அதிகம். ஒரு பெண்ணின் ஹீமோகுளோபின் 13 இருக்க வேண்டிய இடத்தில் 9 இருந்தால், அவள் ரத்தம் சுமக்கும் ஆக்சிஜன் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். இதயம் எவ்வளவு அடித்தாலும், கால் எவ்வளவு துடித்தாலும் அந்தக் குறையை ஈடுகட்ட முடியாது. மைதானத்தில் பின்தங்கும் அந்தத் தங்கையை 'சுறுசுறுப்பில்லை' என்று ஓரத்தில் உட்கார வைக்கிறார்கள். அவளுக்குத் தேவைப்பட்டது ஒரு சொட்டு ரத்தப் பரிசோதனையும், இரும்புச்சத்து மாத்திரையும், தட்டில் ஒரு முட்டையும்.

ஆகவே வி.ஓ.டூ. மேக்ஸ் என்ற எண்ணில் ஒருவரின் திறமை மட்டும் தெரிவதில்லை. அவர் சாப்பிட்டது, தூங்கியது, குடித்த தண்ணீர், ஓடக் கிடைத்த இடம் எல்லாம் அதில் தெரிகிறது. சரியாகப் படித்தால் அது சமூகத்தின் மதிப்பெண் அட்டை.

ஓடக் கிடைத்த இடம் என்றேன். இந்த மாவட்டத்தில் அது சாதாரண விஷயமா? 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் அருகே பதினோராம் வகுப்புத் தலித் மாணவர் ஒருவர் தேர்வு எழுதப் போகும் வழியில் பேருந்திலிருந்து இழுத்து இறக்கப்பட்டு வெட்டப்பட்டார். கைவிரல்கள் துண்டாயின. கபடிப் போட்டியில் அவர் அணி வென்றதே காரணம் என்று குடும்பத்தினர் சொன்னார்கள். இதே மண்ணின் மணத்தி கணேசன் கபடி ஆடி அர்ஜுனா விருதுவரை போனார் என்று பெருமை பேசுகிறோம். அவருக்குப் பின்னால் வரும் பிள்ளை ஆட்டத்தில் ஜெயித்துவிட்டுப் பத்திரமாக வீடு திரும்ப முடிகிறதா என்பதுதான் முதலில் அளக்க வேண்டிய அளவு.

சாந்தியிடம் எடுத்த சோதனை

ஆய்வகம் என்றதும் எனக்கு நினைவு வருவது புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியின் சாந்தி சௌந்திரராஜன். செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகள், தலித் பெண். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாதிக்கு மேல் ஆக்சிஜனை நம்பி ஓடும் போட்டி அது. அந்த உடம்பு இரண்டு நிமிடம் ஓடிக் காட்டியதை உலகம் பார்த்தது. பிறகு பாலினச் சோதனை என்று அழைத்துப் போனார்கள். பதக்கத்தைப் பறித்தார்கள். அவருடைய உடம்பின் அந்தரங்கம் உலகச் செய்தியாயிற்று. ஒரு காலத்தில் அவரே செங்கல் சூளை வேலைக்குத் திரும்பினார். நீண்ட போராட்டத்துக்குப் பிறகுதான் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளர் பணி கிடைத்தது.

அது மூச்சை அளந்த சோதனை இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் எந்தச் சோதனைக்கும் பொருந்தும் கேள்விகளை அந்தச் சம்பவம் நமக்குக் கற்றுத் தருகிறது. எதற்கு இந்தச் சோதனை என்று அவருக்குப் புரியும் மொழியில் சொன்னார்களா? மறுக்கும் உரிமை இருந்ததா? முடிவுத் தாள் யார் கைக்குப் போனது? ஒடிசாவின் டூட்டி சந்த் தன் மீது பாய்ந்த விதியை எதிர்த்து சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போய், 2015-இல் அந்த விதியை நிறுத்திவைக்கச் செய்தார். இடையிலிருந்த அந்த ஒன்பது ஆண்டுகளில் மாறியது அறிவியல் மட்டுமல்ல. டூட்டியோடு வழக்கறிஞர்களும் ஆய்வாளர்களும் நின்றார்கள். சாந்தி தனியாக நின்றார்.

நாளை நம் தங்கை ஒருத்தியை ஆய்வகத்துக்கு அழைத்தால், அவளோடு போக ஒருவர் வேண்டும். தாளைப் படித்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் இதைப் படிக்கும் மாணவராக இருக்கலாம்.

விசிலும் கயிறும் போதும்

ஆய்வகம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மைதானத்தில் அளக்கும் முறைகள் உண்டு. அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் 1968-இல் சொன்னது மிக எளிது: 12 நிமிடத்தில் எவ்வளவு தூரம் ஓட முடிகிறது என்று பாருங்கள். மீட்டரில் வரும் தூரத்திலிருந்து 504.9-ஐக் கழித்து 44.73-ஆல் வகுத்தால் தோராயமான வி.ஓ.டூ. மேக்ஸ் கிடைக்கும். 2400 மீட்டர் ஓடினால் 42. 2600 ஓடினால் 47. 2800 ஓடினால் 51.

மற்றொன்று ஷட்டில் ஓட்டம். கனடாவின் லூக் லெஜே 1980-களில் வடிவமைத்தது. 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள். 'பீப்' ஒலிக்குள் ஒரு கோட்டிலிருந்து மற்றொன்றுக்கு ஓட வேண்டும். மணிக்கு 8.5 கி.மீ. வேகத்தில் தொடங்கி நிமிடத்துக்கு 0.5 கி.மீ. கூடும். பத்தாவது நிலையின் வேகம் மணிக்கு 13 கி.மீ., அதாவது காவலர் தேர்வு கேட்கும் வேகத்தை ஒட்டியது. கிரிக்கெட் வீரர்கள் தேறவில்லை என்று செய்தியில் வரும் யோ-யோ டெஸ்ட் இதன் உறவுக்காரன்தான். பள்ளி மைதானம் மறுக்கப்பட்ட ஊரிலும் 20 மீட்டர் சமதரை கிடைக்கும். ஒலி செல்போனில் கிடைக்கும்.

செய்யும் முறையில் கவனம் வேண்டும். தூரத்தைச் செல்போன் செயலியை நம்பாமல் அளவு நாடாவாலோ, அளந்து முடிச்சுப் போட்ட கயிற்றாலோ அளங்கள். நம் கரையில் காலை ஆறு மணிக்குள் ஓடி முடியுங்கள். ஒருவர் ஓட ஒருவர் ரவுண்டு எண்ணட்டும். முதல் முறை வரும் எண்ணை ஒத்திகையாக வைத்துக்கொள்ளுங்கள். வேகத்தைப் பங்கிட்டு ஓடப் பழகுவதற்கே ஒரு முறை ஆகும். நோட்டில் தேதி, நேரம், வெயில், முந்தைய இரவுத் தூக்கம், சாப்பாடு, பெண்களாக இருந்தால் மாதவிடாய் நாள் எல்லாம் எழுதுங்கள். ஆறு வாரத்துக்கு ஒரு முறை போதும். பக்கத்தில் ஓடுகிறவரோடு ஒப்பிட வேண்டாம். போன முறை ஓடிய உங்களோடு ஒப்பிடுங்கள்.

எண்ணின் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். கூப்பரின் சூத்திரம் 115 அமெரிக்க விமானப்படை ஆண்களை வைத்து எழுந்தது. 17 வயதுத் தூத்துக்குடிப் பெண்ணுக்கு அது சில புள்ளிகள் முன்பின்னாகத்தான் சொல்லும். கைக்கடிகாரம் காட்டும் எண் இதயத் துடிப்பிலிருந்து ஊகிப்பது. மே மாதப் புழுக்கத்தில் துடிப்பு ஏறும், கடிகாரம் உங்கள் திறன் குறைந்துவிட்டது என்று சொல்லும். குறைந்தது திறன் இல்லை, காற்றின் ஈரம் கூடியிருக்கிறது.

உயிரை விடவும் எந்த எண்ணும் பெரிதில்லை. 2024 ஆகஸ்டில் ஜார்க்கண்டில் கலால் காவலர் தேர்வுக்காக இளைஞர்களை 10 கி.மீ. ஓடவிட்டார்கள். புழுக்கத்தில் ஓடியதில் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். வேலையின்மை துரத்த, அளவு கேட்க, உடம்பின் பேச்சைக் கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை. காய்ச்சலோடு ஓடாதீர்கள். நெஞ்சுவலி, தலைச்சுற்றல், வியர்வை நின்றுபோதல், பேச்சுக் குழறல் எது வந்தாலும் நிறுத்துங்கள். நண்பருக்கு வந்தால் நிறுத்த வையுங்கள், நிழலில் படுக்க வைத்துத் தண்ணீரை ஊற்றி உடம்பைக் குளிர்வியுங்கள், 108-ஐ அழையுங்கள்.

நாம் கேட்க வேண்டியவை

மாணவர் அமைப்புகள் இந்த ஆண்டு கையில் எடுக்கக் கூடிய கோரிக்கைகளாகச் சிலவற்றை வைக்கிறேன்.

1. ஆதிதிராவிடர் நல விடுதிகள் எல்லாவற்றிலும் ஆண்டுக்கு இரண்டு முறை ஹீமோகுளோபின் பரிசோதனை. முடிவு மாணவர் கையில். குறைவு என்றால் சிகிச்சை, கூடவே உணவுப் பட்டியலில் மாற்றம்.

2. தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்து, மாவட்டத்து ஓட்டக்காரர்களுக்கும் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கும் இலவச உடல்திறன் ஆய்வகம். சென்னை வரை போகும் பேருந்துக் கட்டணம் யாருடைய திறமையையும் தீர்மானிக்கக் கூடாது.

3. அரசுப் பள்ளி, கல்லூரி மைதானங்கள் காலையிலும் மாலையிலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பாகத் திறந்திருக்க வேண்டும். யாரை விடுவது என்பதை ஊர்ப் பெரியவர்கள் முடிவு செய்யக் கூடாது.

4. எந்த உடல் சோதனைக்கும் தமிழில் எழுதிய விளக்கம், எழுத்துபூர்வ ஒப்புதல், முடிவின் நகல், ரகசியம் காக்கும் பொறுப்பு.

5. ஓட்டத் தேர்வுகள் விடியற்காலையில் மட்டும். மைதானத்தில் மருத்துவர், ஆம்புலன்ஸ், நிழல், தண்ணீர் இல்லாமல் விசில் ஊதக் கூடாது.

இவை எதுவும் சலுகை இல்லை. ஒரு மனித உடம்பை அளக்க வருகிறவர் செய்ய வேண்டிய குறைந்தபட்ச மரியாதை.

அந்தத் தம்பிக்கு என் பதில் இதுதான். உனக்குப் பிறவி ஸ்டாமினா என்று எதுவும் கிடையாது, யாருக்கும் கிடையாது. உனக்கு இருப்பது ஒரு இதயம், இரண்டு கால், இன்னும் வளரக்கூடிய ஒரு எண். அடுத்த ஞாயிறு விடியுமுன் ஒரு நண்பரைக் கூட்டிக்கொண்டு போ. தரையை அளந்து கோடு போடு. 12 நிமிடம் ஓடு. வந்த எண்ணை உன் கையெழுத்தில் உன் நோட்டில் எழுது. ஆறு வாரம் கழித்து அதற்குக் கீழே அடுத்த எண்ணை எழுது. அந்த நோட்டைப் பத்து ஊர்ப் பிள்ளைகள் ஒன்றாகச் சேர்த்து மாவட்ட ஆட்சியர் அலுவலகத்து மேசையில் ஒரு நாள் வைப்போம். நம் உடம்பைப் பற்றிய கணக்கை முதல் முறையாக நாமே எழுதிக் கொண்டுபோனதாக அது இருக்கும்.

ஜெய்பீம்.